கண் முந்தினால் கைக்குப் பாதி வேலை

சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில் செங்கல்பட்டுக்குள் நுழையும் முன் கொளவாய் ஏரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் ஓடும். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்கூட அங்கே தலையைத் தூக்குவார்கள். என்னோடு வந்த அக்கா மகன் தூக்கவில்லை. டெக்சாஸில் வேலை பார்க்கிறவன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தும் அவனுக்கு அந்த ஊர் ஆட்டத்தின் நினைப்புதான். போனில் ஒருவர் முட்டை வடிவப் பந்தை எறிந்தார். அது மைதானத்தில் பாதியைத் தாண்டிப் போய் விழுந்தது.

"கையைப் பாருங்க மாமா, கையை!" என்றான்.

பெயர்தான் கால்பந்து, அமெரிக்காவில் ஆடப்படும் அந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அணியின் மூளையாக இருப்பவர் குவாட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் எதிரணியின் மலை மலையான ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்வார்கள். இரண்டரை, மூன்று விநாடிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து சகாக்களில் யாருக்கு வழி திறக்கிறது என்று பார்த்து, அவர் கையில் போய் விழும்படி எறிய வேண்டும். இவருக்குக் கைபலம் முக்கியமா, சட்டென்று முடிவெடுக்கும் கண்ணும் குறியும் முக்கியமா என்பது அங்கே தீராத வழக்கு. என் மருமகன் கைபலக் கட்சி.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறியபோது வழக்கு சூடு பிடித்திருந்தது. நானும் சும்மா இல்லை. குவாட்டர்பேக் டாம் பிரேடியை எடுத்துக்கொள் என்றேன். 2000-ஆம் ஆண்டு புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 198 பேரை எடுத்து முடித்த பிறகுதான் அவர் பெயரைச் சொன்னார்கள். அதற்கு முன் நடந்த உடல்திறன் சோதனையில் 40 கஜம் ஓட அவருக்கு 5.28 விநாடி ஆனது. அந்த ஆட்டத்துக்கு அது ஆமை வேகம். அவர்தான் பிறகு அந்த ஆட்டத்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். 2007-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸ்ஸல், மண்டியிட்டபடியே அறுபது கஜம் எறிவார் என்று பேர் வாங்கியவர். மூன்றே சீசனில் அவர் கதை முடிந்தது.

"அப்ப மஹோம்ஸ்?" என்றான் அவன். பேட்ரிக் மஹோம்ஸுக்குப் பெரிய கை. சூப்பர் பவுலும் மூன்று. நியாயமான கேள்வி. ஆளுக்கொரு உதாரணம் சொல்லித் தீர்க்கிற வழக்கு இல்லை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

செங்கல்பட்டைத் தாண்டினால் சாலைக்கு இருபுறமும் வயலும் பாறைக் குன்றும் மாறி மாறி வரும். திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீஸ்வரர் மலை தூரத்திலேயே தெரிகிறது. உச்சிவேளையில் கழுகுகள் வந்து சோறு உண்டு போன ஊர். இப்போது கழுகு வருவதில்லை. படி ஏறும் பக்தர் கூட்டத்துக்குக் குறைவில்லை. பஸ் சங்கு தீர்த்தக் குளத்தருகே ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியது. கொஞ்ச தூரத்தில் காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்தது.

மாமல்லபுரத்துக்குள் நுழையும் முன் வருகிற பூஞ்சேரியைப் பலர் கவனிக்காமல் போய்விடுவார்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் இங்கேதான் நடந்தது. கைபலம் துளியும் வேண்டாத ஆட்டம். அப்போது பதினாறு வயதான குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக ஜெயிக்க வேண்டிய நிலையில் இருந்தார். கடிகாரம் நெருக்கியது. அவசரத்தில் குதிரையைப் பறிகொடுத்தார், ஆட்டம் போயிற்று. உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது. குகேஷின் அணிக்கு வெண்கலம். இரண்டே ஆண்டில், 2024 டிசம்பரில், அதே பையன் உலக சாம்பியன் ஆனார் என்பது வேறு கதை.

அந்தப் பத்தாம் சுற்று ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. சட்டென்று முடிவெடுப்பது, சரியாக முடிவெடுப்பது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கிறவை. வேகம் கூடினால் குறி தவறும். குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும். கைபலத்துக்கும் கண்ணுக்கும் நடுவே மட்டும் வழக்கு இல்லை. கண்ணுக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கிறது.

மாமல்லபுரத்தில் அறையில் பையைப் போட்டுவிட்டுக் கலங்கரை விளக்கப் பாறைக்குப் போனோம். அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் இருக்கும் கூட்டம் இங்கே இல்லை. மகிஷமர்த்தினி மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். எதிர்ச் சுவரில் போர்.

அந்தப் போரை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிம்மத்தின் மேல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்திருக்கிறாள் துர்க்கை. எட்டுக் கை. அவளைவிட அவள் எதிரி பெரியவன். எருமைத் தலை, கிரீடம், மேலே குடை, தூண் மாதிரித் தொடைகள், இரண்டு கையாலும் பிடித்த கனத்த கதாயுதம். உடம்பின் அளவை மட்டும் பார்த்துப் பந்தயம் கட்டச் சொன்னால் அவன் மேல்தான் கட்டுவோம். ஆனால் பல்லவச் சிற்பி அவன் உடம்பின் பாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டான். அவன் சாய்ந்து விலகுகிறான்; கதை இன்னும் ஓங்கப்படவில்லை. அவளோ முன்னால் சாய்ந்து நாணை இழுத்துவிட்டாள். சிம்மம் பாய்கிறது, பூதகணங்கள் நெருங்குகின்றன. யார் முடிவெடுத்துவிட்டார், யார் இன்னும் எடுக்கவில்லை என்பதைக் கல்லில் பார்க்கலாம். அவ்வளவு பலமும் எட்டுவது கதையின் நீளம் வரைதான். வில் அந்தத் தூரத்துக்கு வெளியே இருக்கிறது.

"இவங்க பாக்கெட்டிலேயே நின்னு எறியிற டைப்," என்றான் மருமகன். நெருக்கடியில் நின்ற இடத்தை விட்டு நகராமல் எறிகிறவரை அப்படிச் சொல்வார்களாம். அம்மன் மன்னிப்பாளாக.

மறுநாள் விடியற்காலையில் கடற்கரைக் கோயில் பக்கம் போனோம். ஆடி மாதம். தெற்கிலிருந்து அலை வரிசை கட்டி வருகிற பருவம். காலை நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும்; அது அலையின் முகத்தைச் சீவிவிட்ட மாதிரி நேராக நிறுத்தும். வெயில் ஏறினால் காற்று திரும்பிவிடும், அலையும் கலைந்துவிடும். அதனால் ஏழு மணிக்குள் தண்ணீரில் ஏழெட்டுத் தலை தெரிந்தது. எல்லாம் சர்ஃபிங் பலகைக்காரர்கள்.

இந்தக் கரைக்குச் சர்ஃபிங் சுற்றுலாக்காரர்களோடு வந்தது. குடியேறியது மீனவப் பிள்ளைகளிடம். வடக்கே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தானே கற்றுக்கொண்டு, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து ஒரு பள்ளியையே உண்டாக்கினார். 2013-இலிருந்து அங்கே சர்ஃபிங் விழா நடக்கத் தொடங்கியது. மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி சிறுமியாகச் சக்கரப் பலகையில் சறுக்கியதை ஆவணப்படமாகவே எடுத்தார்கள். இன்று அவர் அலை மேல் நாடறிந்த வீராங்கனை. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிப் போட்டி இங்கே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் இங்கேதான். அதில் ரமேஷ் புதிஹால் வாங்கிய வெண்கலம், ஆசிய சர்ஃபிங் போட்டியில் தனிநபர் பிரிவில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு சர்ஃபிங் என்றால் நின்றபடி சறுக்குவது. தண்ணீரில் இருக்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் கைவேலை. பலகையில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே போக வேண்டும். போட்டிகளை ஆராய்ந்தவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்: நேரத்தில் ஏறக்குறையப் பாதி துழாவுவதில் போகிறது, மிச்சத்தில் பெரும்பங்கு உட்கார்ந்து காத்திருப்பதில் போகிறது, அலை மேல் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே தோள் இல்லாதவனுக்கு இங்கே வேலை இல்லை. மருமகனின் முகத்தில் வெற்றி தெரிந்தது. ஜிம்மில் செய்த தோள். பலகையை வாடகைக்கு எடுத்துவிட்டான்.

சொல்லிக்கொடுக்க வந்த பையன் மீனவக் குடும்பம். "தண்ணியில அப்புறம் எறங்கலாம்ணா. மொதல்ல மண்ணுல ஒக்காந்து பாருங்க," என்றான். மருமகன் உட்கார்ந்தான். "எந்த அலை நல்லா ஒடையும்னு சொல்லுங்க." மருமகன் ஒன்றைக் காட்டினான். அது ஒரே அடியாகச் சரிந்து நுரையாகிவிட்டது. "அதுக்குப் பின்னால வருது பாருங்க, அது." அந்த அலை ஒரு முனையில் மட்டும் உடைந்து, அந்த உடைப்பு நூல் பிடித்தாற்போல் பக்கவாட்டில் ஓடியது. அதன் முன்னால் ஒரு பெண் பிள்ளை சறுக்கிக்கொண்டு போனாள். உடையும் முன்பே அந்த அலைக்காக அவள் பலகையைத் திருப்பி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆழம் குறையக் குறைய அலை வேகம் குறையும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில்கூட அது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பலகையில் படுத்தபடி கையால் துழாவுகிறவர் உயிரைக் கொடுத்தாலும் ஆறேழு கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். அலையைக் கைபலத்தால் துரத்திப் பிடிக்க முடியாது என்பது இதிலேயே முடிந்துவிட்டது. அலை செங்குத்தாக நிமிரும் இடத்தில், நிமிரும் நேரத்தில் அங்கே இருந்தால், சரிவே பலகையை இழுத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் உயர அலை என்றால் ஆழம் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் இடத்தில் உடையத் தொடங்கும். அந்த இடத்துக்கு வெளியே இருந்தால் அலை அடியில் போய்விடும். உள்ளே இருந்தால் தலைக்குமேல் விழும். நிற்க வேண்டிய இடம் சில முழம்தான். அந்தச் சில முழமும் ஒவ்வோர் அலைக்கும் மாறும்.

மருமகன் இறங்கினான். உடையும் அலைகளை மார்பால் முட்டிக்கொண்டு வெளியே போனான். தோள் இல்லாதவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அவன் போய்ச் சேர்ந்தான், மூச்சு வாங்க. அந்தப் பெண்ணோ நேராகப் போகவே இல்லை. பாறைகளை ஒட்டி, அலை உடையாத ஒரு பட்டை இருந்தது. கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் ஓடை அது. அதில் பலகையை வைத்தாள், தண்ணீரே அவளைக் கொண்டுபோய் வெளியே விட்டது. தலைமுடி மேல்பாதி நனையவில்லை. நீந்தத் தெரியாதவரைக் கொல்லும் அதே ஓடை அவளுக்கு வண்டி. தெரியாமல் அதில் சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும் என்பதையும் அந்தப் பையன் முதலிலேயே சொல்லிவிட்டான். அங்கேயும் எதிர்த்துப் போராடுகிற தோள்தான் முதலில் களைக்கும்.

வெளியே போனபின் நடந்ததுதான் என் கட்சிக்கும் அடி. வெகுநேரம் ஒவ்வோர் அலையையும் தாமதமாகப் பார்த்து, தாமதமாகத் திரும்பி, கோட்டை விட்டுக்கொண்டிருந்த மருமகன் திடீரென்று ஒன்றைப் பிடித்துவிட்டான். அதையும் தாமதமாகத்தான் பார்த்தான். ஆனால் வெறிபிடித்தாற்போல் நாலு துழாவு துழாவி, தவறவேண்டிய இடத்திலிருந்து அலைக்குள் போய்ச் சேர்ந்தான். எழுந்து நின்று, மறு விநாடி விழுந்தான். கரையில் நின்ற பையன் சிரித்தபடி என்னிடம் சொன்னான்: "அண்ணனுக்குக் கை இருக்கு சார். லேட்டா பாத்தாலும் போய்ட்றாரு. எங்களுக்கு அவ்ளோ கை கெடையாது, அதனால சீக்கிரம் பாத்தாவணும்."

பஸ்ஸில் தொடங்கிய வழக்குக்கு இதைவிட நல்ல தீர்ப்பு கிடைக்காது. கையும் கண்ணும் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டு வாதாடினோம். ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்து வாங்கலாம் என்பதுதான் நிஜம். கைபலம் விலைக்கு வாங்கித் தருவது நேரம்: முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போட அது இடம் கொடுக்கிறது. கண் முந்தினால் கைக்குப் பாதி வேலைதான். அமெரிக்க ஆட்டத்திலும் இதே வியாபாரம். பெரிய கை உள்ளவர் சகா தப்பி ஓடி வெளிச்சத்துக்கு வந்ததைப் பார்த்தபின் எறியலாம். பந்து அம்பாகப் போய்ச் சேரும். சாதாரணக் கை உள்ளவர், சகா திரும்பும் முன்பே, அவன் திரும்பப்போகிற இடத்துக்கு எறிந்தாக வேண்டும். இருவர் பந்தும் ஒரே நேரத்தில் ஒரே கையில் விழும். பார்க்கிறவர்களுக்கு முதலாமவர் பலசாலி, இரண்டாமவர் அதிர்ஷ்டக்காரர்.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஓர் எல்லை உண்டு. கைபலம் ஓரளவுக்குக் கீழே போனால் எந்தக் கண்ணும் காப்பாற்றாது; வெளியேகூடப் போக முடியாது. அந்த அளவைத் தாண்டிவிட்டால், மேலே சேரும் ஒவ்வொரு பிடி தசைக்கும் கிடைக்கிற லாபம் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இருப்பதாகத் தெரியவில்லை. வயதும் இதையே சொல்கிறது. பிரேடி 43 வயதில் ஏழாவது கோப்பையை வாங்கினார். தோள் தேயும், பார்த்துப் பழகியது அவ்வளவு சீக்கிரம் தேயாது.

அன்று மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய் முட்டுக்காட்டில் இறங்கினோம். படகுத் துறைக்கு அப்பால், கழிமுகத்தின் ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர் வீச்சு வலையோடு நின்றிருந்தார். கயிற்றின் முனை இடது மணிக்கட்டில் சுருக்கு. வலையில் ஒரு பகுதி இடது முழங்கையில் மடிப்பாகத் தொங்கியது. ஒரு விளிம்பு பல்லில். மிச்சம் வலது கையில். விளிம்பு நெடுக ஈயக் குண்டு. அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தண்ணீரில் எங்கோ ஒரு சுழிப்பு தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தபோது வலை ஏற்கெனவே காற்றில் இருந்தது. இடுப்பைத் திருப்பியதுதான் தெரிந்தது, கை வீசியது தெரியவில்லை. வலை முழு வட்டமாக விரிந்து, குண்டுகள் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. சுழிப்பு இருந்த இடத்தில் அது விழவில்லை. அதற்கு நாலு முழம் தள்ளி விழுந்தது.

இழுத்தபோது மடவை துள்ளியது. மருமகன் வலையைத் தூக்கிப் பார்க்கக் கேட்டான். கொடுத்தார். "பாரம் ஒண்ணுமில்லையே தாத்தா," என்றான்.

"பாரம் இருந்தா நாளெல்லாம் எப்பிடிப்பா வீசறது? மீனு இருக்கிற எடத்துல வீசினா தண்ணிதான் வரும். அது வலை நெழலப் பாத்துட்டு எந்தப் பக்கம் ஓடும்னு பாத்து வீசணும்."

"அதை எப்படிக் கத்துக்கிறது?"

"வெறுங்கையோட வந்து நின்னு பாக்கணும். எங்கப்பா ஒரு வருசம் வலையத் தொட வுடலை."

மண்ணில் உட்காரவைத்த பையனும் வலையைத் தொடவிடாத அப்பாவும் ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறார்கள்: கைக்கு வேலை கொடுக்கும் முன் கண்ணுக்கு வேலை. நம் விளையாட்டுத் தேர்வுகளில் அந்தப் பாடம் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகத் திறனாய்வு உடற்திறன் தேர்வு நடத்துகிறார்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல். மூலையில் கிடக்கும் பிள்ளையையும் மைதானத்துக்குக் கூட்டி வரும் நல்ல திட்டம். ஆனால் அதில் உள்ள எல்லாமே டேப்பாலும் ஸ்டாப் வாட்சாலும் அளக்கக்கூடியவை. பிரேடியை 199-ஆம் இடத்துக்குத் தள்ளிய சோதனையும் இதே வகைதான். அளக்க முடிவதை அளக்கிறோம். பிறகு, அளந்ததுதான் திறமை என்று நம்பிவிடுகிறோம்.

கண்ணை அளக்கவே முடியாது என்பதும் சரியில்லை. மாமல்லபுரத்துப் பையனிடம் கருவி எதுவும் இல்லை. கடலைக் காட்டி, எது நல்லா உடையும் என்று கேட்டான். பதில் சரியா தப்பா என்பதை அடுத்த அலை சொல்லிவிட்டது. கபடியில் ஓடிவருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான், பந்தடிக்கிறவன் மட்டை எங்கே போகும் என்று ஓடுகிற படத்தை நடுவில் நிறுத்திக் கேட்டால் ஒரு வகுப்புப் பிள்ளைகளை அரை நாளில் சோதித்துவிடலாம். குண்டு எறிதலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும். குண்டை நாலு மீட்டர்கூட எறிய முடியாத ஒரு பிள்ளை அந்தக் கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னால், அவளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தோள் போட்டுத் தர ஆறு மாதம் போதும்.

கோவளத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் இதைச் சொன்னபோது மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறு மாசத்துல தோள் வராது மாமா, ரெண்டு வருஷம் ஆகும்," என்றான். ஜிம்முக்குப் போகிறவன், அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் அந்தப் பிள்ளைக்கு வயது பதினாலுதான் ஆகியிருக்கும்.